சீனி இருந்த இடம்

சீனி டப்பா அடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்ததா அந்தப் பக்கம் இருந்ததா, மேல் தட்டிலா கீழ்த் தட்டிலா, காபித்தூளுக்கு முன்னாலா பின்னாலா, யோசித்து யோசித்து மண்டையில் மிச்சமிருக்கிற நாலு முடியும் கொட்டிவிடும் போலிருக்கிறது, ஆனால் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. நான் சத்தியம் பண்ணினால் தெரு நாய்கூட நம்பாது, அது வேறு விஷயம், இது மெய்யான சத்தியம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற ரோட்டில் எந்த வேப்பமரத்தடியில் எவள் கையைக் காட்டுவாள், எவள் கூடையை மேலே ஏற்றச் சொல்லுவாள், எவள் சில்லறை இல்லை என்று முந்தியை உதறிக் காட்டுவாள் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன், கண்டக்டர் பையைத் தோளில் மாட்டி மாட்டியே ஒரு பக்கம் சாய்ந்துபோனவன் நான், ஆனால் கல்யாணமான மறுநாளிலிருந்து எனக்குக் காபி வந்துகொண்டிருக்கிற இந்த அடுப்படியில் சீனி எங்கே இருந்தது என்று கேட்டால் முழிக்கிறேன். இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடலாம். இதோ கண்ணெதிரே இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற புது பிளாஸ்டிக் டப்பா, மூடி எல்லாம் ஒரே பச்சை, உயரம் எல்லாம் ஒரே உயரம், சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் வெள்ளைச் சீட்டு ஒட்டி, அதில் நானே என் கையால் கொட்டை எழுத்தில் துவரம்பருப்பு, உளுந்து, ரவை, சீனி, உப்பு என்று எழுதியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்று. பார்க்கிறவர்கள். அட சண்டாளா. பார்க்கிறவர்களாம்.

என் மகள் கோமதி போன் பண்ணும்போது என் ஒரு கையில் கத்தி இருந்தது, மேடையில் ஒட்டியிருந்த எதையோ சுரண்டிக்கொண்டிருந்தேன், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என்னட்டி, கிளம்பியாச்சா, அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சா என்று சத்தமாகக் கேட்டேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, கிளம்பிவிட்டார்கள். பிறகு, “அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்கிறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?” என்றாள். புரைதானே, புரையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதானே மதுரைக்கு அனுப்பினேன் என்றேன். “புரை மட்டும் இல்லப்பா. நரம்பு. நரம்பு வத்திப்போச்சாம். இன்னிக்கு நேத்து வந்தது இல்லியாம், வருசக்கணக்கா ஆச்சாம். வெளிச்சம் வந்தா வெளிச்சம்னு தெரியும், நிழல் ஆடுனா ஆடுதுன்னு தெரியும், அவ்வளவுதானாம். இனி ஒண்ணும் செய்ய முடியாதுங்காங்க. ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒரே சோத்தத் திங்கிறீங்க, எப்படிப்பா தெரியாமப் போச்சு?” நான் சொன்னேன், அவ டிவி பாப்பாளே கோமு, ராத்திரி நாடகம் ஒன்றுவிடாமல் பார்ப்பாளே. “கேப்பாப்பா” என்றாள் என் மகள். “பாக்க மாட்டா.” அப்புறம் ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் அம்மாவின் கையைப் பார்த்ததைச் சொன்னாள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பாம், பழையது, புதியது, ஆறினது, ஆறாதது, நர்ஸு பிள்ளை பார்த்துவிட்டு யாரு சூடு வச்சா பாட்டிக்கு என்று கேட்டதாம். எண்ணெய் தெறிச்சுது என்று சொல்லுவாள் என் பெண்டாட்டி ஆவுடை, என்னிடம். தெறிக்கத்தான் செய்யும், எண்ணெய் என்றால் தெறிக்கும், நான் வேறென்ன நினைப்பேன். ஓசூருக்கு என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க, இனிமே அம்மா அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று கோமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஆவுடையின் குரல் வந்தது, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரத்து: “நான் எங்கயும் வரல. என் அடுப்படியில எனக்குக் கண்ணு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஒரு காபி போட்டுத் தாரேன், ஒருத்தர் ஒத்தாசை இல்லாம. குடிச்சுப் பாத்துட்டு அதுக்கு மேல பேசு.” கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல். பிறகு கோமதி சொன்னாள், “சரி. கையில சூடுபடாம, தேடித் துழாவாம, ஒரு காபி போட்டுட்டன்னா உன்ன விட்டுட்டுப் போறேன், உன் மேல ஆணையா. போடலன்னா சாயங்காலமே ரயிலு. அப்பா, நீங்க நடுவுல வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசுனீங்கன்னாலும் கணக்கு அம்மா தோத்ததாத்தான்.” போன் வைத்துவிட்டாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. இந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இவ்வளவு சுத்தமாக ஒரு இடம் இருந்ததில்லை. ஒரு சாமான்கூட அவள் விட்டுவிட்டுப் போன இடத்தில் இல்லை.

ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கூட இருக்க ஒரு ஆளைத்தான் விடுவார்கள், அது மகளாக இருக்கட்டும் என்றாகிவிட்டது, எனக்கு வீட்டில் ஈ ஓட்டுகிற வேலை. செல்போன் வீடியோவில் ஒரு பொம்பளை, சிரித்த முகம், தன் வீட்டு அடுப்படியைக் கழுவி அடுக்கிக் காட்டினாள், முந்தி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று. பார்த்ததும் எனக்குப் புத்தி குறுகுறுத்தது. ஆவுடை புதுக் கண்ணோடு திரும்பி வருவாள், வந்து பார்க்கும்போது அடுப்படி அரண்மனை மாதிரி இருக்க வேண்டும், யாரு செஞ்சா என்று கேட்பாள், அதற்கு ஒரு கதைகூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன்: கப்பலில் சமையல் பார்த்த ஒருவன் வழி தவறி நம்ம தெருவுக்கு வந்தான், தாகத்துக்கு மோர் கொடுத்தேன், அந்த நன்றிக்காகச் செய்துவிட்டுப் போனான், மீசை இந்த அளவு இருந்தது என்று. ஆவுடை ‘ம்’ என்பாள். எல்லாக் கதைக்கும் ‘ம்’ என்பாள். கரப்பான்களைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது. மேல் தட்டைக் காலி பண்ணும்போது ஒரு கிழட்டுக் கரப்பான், என்னைவிட மூத்தது, மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, நாங்க இங்கே பரம்பரையா இருக்கோம் கண்டக்டரே, பட்டா இருக்கு என்றது, நான் சாத்தூரில் இறங்கிக்கொள்ளும் என்று சொல்லி விசில் அடித்தேன். அந்த ஃபேன் இருக்கிறதே, புகை இழுக்கிற ஃபேன், அதிலிருந்து வழித்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பஸ்ஸின் ஆறு சக்கரத்துக்கும் கிரீஸ் போடலாம். சோப்புத் தூள், சோடா மாவு, எலுமிச்சம் மூடி, கம்பி நார், என் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. தரையில் உட்கார்ந்து, முட்டி போட்டு, ஸ்டூலில் ஏறி, விழப்போய், விழாமல். திட்டிக்கொண்டே தேய்த்தேன். கழுதை, எப்படி வைத்திருக்கிறாள் பார், டப்பாவில் எல்லாம் ரப்பர் பேண்ட், ஒன்றில் ஒரு சுற்று, ஒன்றில் ரெண்டு சுற்று, ஒன்றில் கறுப்பேறிய நூல், அடுப்புக் குமிழ் ஒன்றில் துணி சுற்றியிருக்கிறது, அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரைச் சணல் கயிற்றில் கட்டிக் குழாயோடு தொங்கவிட்டிருக்கிறாள், கிராமத்துக் கிணற்று வாளி மாதிரி, மேடை ஓரத்தில் மெழுகுவர்த்தி சொட்டினது காய்ந்து கட்டியாக நிற்கிறது, ஒன்று அடுப்புக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், கரண்டு போனபோது சிந்தினதைத் துடைக்கக்கூட முடியவில்லை இவளுக்கு. ரப்பர் பேண்டை எல்லாம் வெட்டி எறிந்தேன். கயிற்றை அறுத்தேன். துணியைப் பிய்த்தேன். கோமதி போன் பண்ணியபோது நான் சுரண்டிக்கொண்டிருந்தது அந்தக் கடைசி மெழுகுக் கட்டியைத்தான்.

அது மெழுகு இல்லை. மெழுகுதான், ஆனால் சிந்தினது இல்லை. அவளே சொட்டவிட்டது. அடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரல் கண்டுபிடிப்பதற்காக. ஒரு சுற்று மிளகாய்த்தூளா, ரெண்டு சுற்று மல்லித்தூளா, நூல் கட்டினது மஞ்சளா. துணி சுற்றின குமிழ் சின்ன அடுப்பா. என் புத்திசாலிக் கையால் என் பெண்டாட்டியின் கண்ணை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். போடும்போது திட்டினேன் வேறு.

கூடையைக் கவிழ்த்தேன். ரப்பர் பேண்ட் எல்லாம் கிடைத்தது, அறுந்த புழு மாதிரி, ஆனால் எது எந்த டப்பாவில் இருந்தது, அந்த டப்பாக்களே இல்லையே, பழைய டால்டா டின், ஹார்லிக்ஸ் பாட்டில், ஒடுங்கின பித்தளைச் சம்புடம், எல்லாவற்றையும் காயலாங்கடை வண்டிக்காரன் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான், போகும்போது நல்லா இருப்பீய ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், ஒவ்வொரு கனம், தொட்டாலே தெரியும். நான் வாங்கி வைத்திருப்பது எல்லாம் ஒரே அச்சு. உப்பும் ரவையும் சீனியும் மூடி போட்டால் ஒன்றுதான். அஞ்சறைப் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை, கிண்ணங்களைக் கழுவிக் காயவைத்து அழகுக்காக நிறவாரியாக அடுக்கியிருக்கிறேன், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு, உளுந்திலிருந்து கடுகுக்கு. மறுபடி பழையபடி வைத்துவிடலாம் என்று போன் வந்ததிலிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். சீனியை அடுப்புக்கு வலது பக்கம் வைத்தேன். இல்லை, வலது பக்கம் அனல் அடிக்கும், கட்டிபட்டுவிடும், இடது பக்கம். இடது பக்கம் தண்ணீர்க் குடம், ஈரம். மேல் தட்டில் வைத்தேன், அவளுக்கு எட்டாது, குள்ளச்சி. கீழ்த் தட்டில் எறும்பு. அப்படியானால் எங்கேதான் வைத்திருந்தாள். இந்த அடுப்படியை நினைத்துப் பார்க்கிறேன், நினைப்பு வாசல் நிலையோடு நின்றுவிடுகிறது, உள்ளே ஒரே மங்கல், நடுவில் அவளுடைய சேலை மட்டும் அசைகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கண் தெரியவில்லையோ.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயியைக் கேட்கலாம் என்று தோன்றியதும் எனக்கு உயிர் வந்தது, அவள்தான் மாதம் பிறந்தால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சீனிக்கு வருவாள். பின்பக்கச் சுவரோரம் நின்று கூப்பிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, “என்ன கண்டக்டரய்யா, அடுப்படி ஜொலிக்கு, ரெண்டாங் கல்யாணமா?” என்றாள். சிரிக்கிற நேரமா, எங்க வீட்ல சீனி எந்த இடத்துல இருக்கும், சொல்லு தாயி என்றேன். “அதப் பாக்க நான் எங்க உள்ள வந்தேன்? அக்கா யாரையும் உள்ள விட மாட்டாவளே. நான் நடையிலயே நிப்பேன், அவுகளே கொண்டாந்து தருவாவ. ஒருக்க நானே எடுத்துக்கிடுதேன்னு காலெடுத்து வச்சுட்டேன், என்னமா சத்தம் போட்டாவ தெரியுமா. பெறகு நான் நிலையத் தாண்டுனதே இல்ல.” அவள் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். “ஏன், அக்கா வந்தா எடுத்துத் தர மாட்டாவளா உங்களுக்கு?” என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன். யாரையும் உள்ளே விடவில்லை. யாராவது ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்துவிட்டால் போயிற்று. மடி ஆசாரம் பார்க்கிற வீடு இல்லை எங்கள் வீடு, நான்கூட ஒரு தடவை தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆம்பளைக்கு இங்க என்ன வேலை, போய் உக்காருங்க, கொண்டாரேன். என்மேல் எவ்வளவு பிரியம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேன். ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க விட மாட்டாய்யா என் வீட்டுக்காரி, ராசா மாதிரி வச்சிருக்கா.

திரும்பக் கோமதியைப் போனில் பிடித்தேன். இந்தா பாரு, நான் அடுப்படியக் கழுவிட்டேன், சாமான எல்லாம் மாத்தி வச்சிட்டேன், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, இன்னிக்கு வேண்டாம், பத்து நாள் பழகட்டும், அதுக்கப்புறம் உன் பரீட்சையை வச்சுக்கோ என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி இருந்தது. “நீங்க. அடுப்படியக் கழுவுனீங்க” என்றாள். ஆமாட்டி. “தின்ன தட்ட எடுத்து சிங்க்ல போட மாட்டீங்க. நீங்க கழுவுனீங்க. அப்பா, வேற ஏதாவது நல்ல கதையா சொல்லுங்க, இது உங்க தரத்துக்கு இல்ல.” அம்மாவிடம் கொடு என்றேன், அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுத் தூங்குறா என்று வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதில் அவளுக்கு நான் சொன்னதில் ஒன்றுகூட நிஜம் கிடையாது. குக்கர் குண்டு பறந்துபோய்க் கோயில் மணியில் அடித்து, உச்சிக்காலப் பூசை ஆகிவிட்டது என்று சனம் எல்லாம் ஓடி வந்த கதை. ஒரு வெள்ளாடு தினம் பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போய் மற்ற ஆடுகளிடம் தப்பிக்க வழி சொல்லிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வரும், நான் அதற்கு அரை டிக்கெட் கிழிப்பேன் என்கிற கதை. அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அவள் அடி வாங்கினாள். இனி அப்பா சொல்லுவதை நம்புவதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணியிருப்பாள்.

கதை என்றதும் அந்த நாற்காலி. அடுப்படி வாசலுக்கு வெளியே, முதுகை அடுப்படிக்குக் காட்டிக்கொண்டு, முகம் தெருவைப் பார்த்தபடி, அதுதான் என் இடம், வேலையில் இருந்து நின்ற நாளிலிருந்து அதுதான் என் இடம். தெருவில் போகிற வருகிறவனை எல்லாம் பார்த்துக்கொண்டே பேசுவேன், பின்னால் பாத்திரச் சத்தம், தாளிக்கிற சத்தம், இடையில் ஒரு ‘ம்’, பிறகு தோளுக்குப் பக்கத்தில் டம்ளர் வந்து நிற்கும். கை நீட்டுங்க என்பாள். நான் திரும்பாமலே கையை நீட்டுவேன், அவள் விரல் என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு டம்ளரைக் கொடுக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு. இந்த வயதிலும் தொட்டுக் கொடுக்கிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு இது. நான் பேச்சை நிறுத்திவிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும், ஏன் நிறுத்திட்டீங்க, சொல்லுங்க, பெறகு அந்த ஆடு என்னாச்சு. நானும் சொல்லுவேன். அவள் காபியோடு வரும்போதெல்லாம் கேட்பாள், சொல்லுங்க, பெறகு. எனக்கு எவ்வளவு சந்தோஷம். உலகத்தில் ஒருத்தியாவது என் கதையை முடிவு வரைக்கும் கேட்கிறாள். முடிவு வரைக்கும் இல்லை. நாற்காலி வரைக்கும். என் குரல் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைக்குச் சூடான டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். வெள்ளாடு எக்கேடு கெட்டால் அவளுக்கு என்ன, நான் பேச வேண்டும், அவ்வளவுதான், தவளை கத்தினாலும் போதும். இது தெரிந்ததும் நான் அந்தப் புது டப்பாக்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை இன்னும் ஈரமாக இருந்தது. வேட்டி நனைந்தது. இருக்கட்டும். சேலைக் கடையில் இந்த நிறம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா என்று என்னைக் கேட்டாளே. பேப்பரை நீங்களே வாசிங்க, உங்க வாயால கேட்டாத்தான் நல்லாருக்கு என்றாளே. கோமதியின் பிள்ளை போட்டோவைக் கையில் வாங்கி, அப்படியே அவன் தாத்தா மூக்கு என்றாளே, நான் பூரித்துப்போனேனே. ஊரில் பெரிய புளுகன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி, வாயே திறக்காமல், வருசக்கணக்காக, தனக்குக் கண் தெரியும் என்று ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு இடத்தில்கூடப் பிசகாமல். எதற்காக. நான் சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பாள். கோமதியிடம் சொல்லிவிடுவேன், அடுப்பை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று. அல்லது நான் பயந்துபோவேன் என்று. எனக்கு எந்தப் பயத்தையும் தாங்க முடியாது, உடனே கதையாக்கிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். தன்னை ஒரு கதையாக்கித் தெருவில் சொல்லுவேன் என்று நினைத்தாளோ.

ஓசூர் வீட்டை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். லிஃப்டில் ஏறிப் போக வேண்டும், கதவைத் திறந்தால் சோபா, சோபாவுக்கு எதிரே டிவி, அடுப்படி கோமதியுடையது. அங்கே ஆவுடை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. பாத்ரூமுக்கு யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாப்பாடு தட்டில் வரும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லுவார்கள். நல்லபடியாகத்தான் வைத்துக்கொள்வார்கள், மருமகன் தங்கமான ஆள், அதில் ஒன்றும் குறை இருக்காது, குறை இல்லாத அந்த வீட்டில் அவள் கை மடியிலேயே கிடக்கும். இங்கே அவளுக்குக் கண் போய்விட்டது என்று அவளுக்கே தெரியாது, ஒரு நாளில் பாதி நேரமாவது மறந்திருப்பாள், கடுகு வெடிக்கிற சத்தத்திலும் பால் பொங்குகிற வாசனையிலும். அங்கே போன அன்றைக்குத்தான் குருடியாவாள். நான் ஆக்கினேன். ஐயோ, சீனி எங்கே இருந்தது. எழுந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவளாகவே ஆகிவிட்டால் தெரியுமோ என்று, வாசலிலிருந்து கையை நீட்டி நடந்தேன். மேடை இடுப்பில் இடித்தது. கையைத் துழாவினேன். பச்சை மூடிகள் சரிந்தன, ஒன்று உருண்டு சிங்க்கில் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் உளுந்து. அவளுக்கு எவ்வளவு உயரம், என் தோளுக்குக் கீழே, அப்படியானால் முட்டியை மடக்கு, இப்போது நீட்டு, இப்போது எட்டுவது எது. நடுத் தட்டு. சரி, நடுத் தட்டு. எல்லாவற்றையும் நடுத் தட்டுக்கு மாற்றினேன். பிறகு இல்லை என்று தோன்றியது. சீனியை மட்டும் எடுத்து மேடையின் நடுவில், அடுப்புக்கு ஒரு ஜாண் தள்ளி வைத்தேன், எப்படித் துழாவினாலும் கையில் தட்டுப்படட்டும் என்று. உப்பை ஒளித்தேன். காபித்தூளைத் திறந்தே வைத்தேன், வாசனை சொல்லட்டும். வடிகட்டியை எங்கே வைப்பாள்? கடவுளே, வடிகட்டி. வாசலில் ஆட்டோ நின்றது.

கோமதிதான் முதலில் இறங்கினாள், பிறகு கையைக் கொடுத்தாள், ஆவுடை கையை உதறிவிட்டுத் தானே இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், அது அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. படி ஏறினாள், செருப்பை அந்த மூலையில் விட்டாள், சுவரைத் தொடாமல் நேரே நடந்தாள், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, அது இருக்கிற இடம் அப்படியே இருந்தது. என்னைத் தாண்டும்போது, “எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள். வாயைத் திறக்கக் கூடாது. நான் தொண்டையைச் செருமினேன். அடுப்படி நிலையில் அவள் ஒரு கணம் நின்றாள். மூக்கு அசைந்தது. சோப்புத் தூள் வாசனை, எலுமிச்சை வாசனை. அவளுடைய பழைய எண்ணெய்ப் பிசுக்கு வாசனை ஒரு பொட்டுகூட இல்லை. முகம் என் பக்கம் கொஞ்சம் திரும்பிற்று, பிறகு முன்னாலே திரும்பிற்று. கோமதி என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள், வரிசையாக நிற்கிற டப்பாக்களையும் நான் எழுதின எழுத்தையும் பார்த்தாள், அவள் கை வாய்க்குப் போயிற்று. “அப்பா” என்றாள் மெதுவாக. நான் தலையை ஆட்டினேன். “அம்மா, இன்னிக்கு வேண்டாம்மா, களைப்பா இருப்ப” என்றாள். “நீ பேசாம இரு” என்றாள் ஆவுடை. “ஒரு காபி போட என்ன களைப்பு.”

உள்ளே போனாள். குழாயை நோக்கிப் போன கை குழாயைச் சரியாகப் பிடித்தது, அதை என்னால் மாற்ற முடியவில்லை. பாத்திரத்தைத் தேடவில்லை, கவிழ்த்து வைத்திருந்த இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டாள். விரல் மேடை ஓரத்தில் ஊர்ந்து வந்து, மெழுகுக் கட்டி இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. முன்னால் போய்த் தேடிற்று, பின்னால் வந்தது. வழுவழுப்பான கல். லைட்டருக்காகக் குழாய்ப் பக்கம் கை போயிற்று, கயிறு இல்லை, காற்றைப் பிடித்துவிட்டு இறங்கிற்று. அவள் முதுகு எங்களுக்குத் தெரிந்தது, முதுகில் ஒன்றும் தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசட்டுமா, பேசினால் தோற்றதாகிவிடும், பேசாவிட்டால். வெள்ளாடு ஒன்று இருந்தது என்று ஆரம்பித்துச் சீனிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளட்டுமா, குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாளே. அப்போது ஆவுடை மெல்ல உடம்பைத் திருப்பினாள், தயக்கமே இல்லாமல், தெரிந்த ஆளிடம் கையை நீட்டுகிற மாதிரி, வலது கையை நீட்டினாள். அடுப்புப் பக்கம் இல்லை, தட்டுப் பக்கம் இல்லை. ஜன்னல். ஜன்னலின் உள்விளிம்பு, மூலையில், கம்பிக்கு இந்தப் பக்கம். அங்கேயா. அங்கேதான். அங்கேதான் இருந்திருக்கிறது இத்தனை காலமும். அந்த விளிம்பைத்தான் நான் முதலில் காலி பண்ணினேன், வெளிச்சம் நன்றாக உள்ளே வரட்டும் என்று. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் அந்த வெளிச்சத்தில் ஒரு டப்பாவின் அகலத்துக்கு விரிந்து, மூடி, ஒன்றையும் பிடிக்காமல் நின்றன.

பிறகு திரும்பாமலே சொன்னாள், வழக்கமாக என்னை அதட்டுகிற அதே குரலில், ஒரு நடுக்கம் இல்லாமல்: “ஊருக்குப் போகும்போதே சொன்னேனே, சீனி தீந்துபோச்சுன்னு. வாங்கலியா நீங்க? ஒரு வேலைக்கு ஆக மாட்டீங்க. சீனி இல்லாம எப்படிப் போடுவேன் காபிய, இந்தப் பிள்ளைக்கு?”

அவளுக்கு ஒரு ஜாண் தள்ளி மேடை நடுவில் சீனி டப்பா நின்றுகொண்டிருந்தது, விளிம்பு வரைக்கும் நிறைந்து, வெளியே தெரியத் தெரிய, நெஞ்சில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி. கோமதி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், என் மகளை.

“ஆமாம்மா” என்றாள் கோமதி. “டப்பா காலியாத்தான் இருக்கு.”

என் மகள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பதமாக, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி ஒரு வார்த்தையும் பேசிப் பிரயோசனமில்லை, சாயங்காலம் ரயில். “விடும்மா, நான் வெளிய வாங்கிட்டு வாரேன், நீ வந்து உக்காரு” என்று அவள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். ஆவுடை வந்தாள். உதறவில்லை. நான்தான் உள்ளேயே நின்றேன், “ஆமா, மறந்துட்டேன்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு.